சிகரமும் வழிகாட்டியும்



சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னர் அமைந்த ஊர் புதுவாயல். கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதற்கு அப்பால் வங்கக் கடலும் உள்ளன. ஆலைகளின் புகைபோக்கிகளும் தண்ணீர்த் தொட்டிகளுமே இங்கே உயர்ந்து தோன்றுபவை. நிலமோ கடல் மட்டத்தைவிட மிகச் சிறிதே உயர்ந்த சமவெளி. இத்தகைய வட்டாரத்துக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சிக் கூடங்களிலும் பயிலும் உங்களுக்கு இமயமலைச் சிகரத்தைப் பற்றிக் கூறுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. எவ்வளவு பெரிய சிகரமாயினும் அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. அக்கணக்கின் வரலாறும் நம் பகுதியை ஒட்டியே தொடங்கியது.

1802ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் இரும்புச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை அளந்தார். அக்கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்த நில அளவை, அரை நூற்றாண்டில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. சமவெளியில் நின்றபடியே கருவிகளின் துணையால் பனிச் சிகரங்களின் கோணங்களை அளந்தார்கள். வங்காளத்தைச் சேர்ந்த கணித அறிஞர் ராதாநாத் சிக்தார், 1852ஆம் ஆண்டில், அவற்றுள் ஒன்றே யாவற்றினும் உயர்ந்தது என்று கணக்கிட்டுக் கூறினார். அதன் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. அச்சிகரத்துக்கு எவரெஸ்ட் என்ற பெயரும் அப்போதுதான் முன்மொழியப்பட்டது. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்பர். நேபாளத்தார் சாகர்மாதா என்பர். நேபாளமும் சீனமும் 2020இல் கூட்டாக அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பழைய கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 30 அடியளவே!

கணக்கினால் சிகரத்தை எட்டியவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையவேண்டியதில்லை. காலால் எட்ட விரும்புகிறவனோ தன் உடலையும் உடன் கொண்டு செல்லவேண்டியிருக்கிறது. அவ்வுடலுக்கு உயரத்தில் என்ன நேர்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

மேலே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைகிறது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. புதுவாயலிலும் எவரெஸ்டின் உச்சியிலும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கே. குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது. அங்கே மூன்று முறை மூச்சு வாங்கினாலும், இங்கே ஒரு முறை வாங்கும் மூச்சில் கிடைக்கும் அளவு பிராணவாயுதான் கிட்டும். அழுத்தம் குறைவதனால் தண்ணீரும் விரைவில் கொதித்துவிடுகிறது. 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறத்தாழ 82 பாகையிலேயே நீர் கொதிக்கும். அழுத்தச் சமையற்கலம் இல்லாவிட்டால் அங்கே அரிசி எளிதில் வேகாது.

எனினும், மனித உடல் விந்தையானது. போதிய நாட்கள் கொடுத்தால் அது மெல்லிய காற்றுக்கும் ஓரளவு பழகிக்கொள்ளும்; இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். ஆகையால் உயர்சிகரப் பயணம் விரைவோட்டப் பந்தயம் போன்றதன்று. காட்மாண்டிலிருந்து சிறு விமானத்தில் லுக்லா என்னும் மலையூரில் இறங்குவோர், அங்கிருந்து நடந்து நாம்சே பஜாரை அடைந்ததும் ஒரு நாளேனும் தங்குகின்றனர். 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த நெறி. பகலில் உயரத்துக்கு ஏறி, இரவில் தாழ்ந்த இடத்துக்கு இறங்கி வந்து உறங்குவதும் ஒரு வழக்கம். இந்நெறியைப் புறக்கணிப்பவனுக்கு முதலில் தலைவலியும் குமட்டலும் தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இவ்விரண்டும் உயிரைப் போக்கக்கூடியவை. இவற்றுக்கெல்லாம் தலையாய மருந்து ஒன்றே. உடனே கீழே இறங்குவதுதான் அம்மருந்து.

இங்கேதான் வழிகாட்டியின் பணி தொடங்குகிறது. வழிகாட்டி என்றால் பாதையைச் சுட்டிக் காட்டுபவர் என்று மட்டும் நாம் எண்ணிவிடுகிறோம். உயரத்தில் அறிவு மங்குகிறது. களைப்பைக் களைப்பென்று உணரும் ஆற்றலும் குன்றுகிறது. தன் நிலையைத் தானே மதிப்பிட இயலாதவனுக்காக மதிப்பிடுவதே வழிகாட்டியின் தலையாய கடமை. யார் நடை தளர்ந்தது, யார் பேச்சு குழறுகிறது, யார் உணவை மறுத்தார், மேகம் எத்திசையிலிருந்து வருகிறது என்று அவர் ஓயாமல் கவனிக்கிறார். இனிப் போகலாம் என்பதையும், இனிப் போகலாகாது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

இமயத்தில் இப்பணியில் பெயர் பெற்றவர்கள் ஷெர்ப்பாக்கள். ஷெர்ப்பா என்னும் சொல்லுக்குக் கிழக்கு நாட்டவர் என்பது பொருள். 1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹில்லாரியுடன் எவரெஸ்டின் உச்சியில் முதன்முதலாக நின்ற டென்சிங் நோர்கே இவ்வினத்தவரே. அவ்வெற்றியின் பயனாக 1954இல் டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதில் களப் பயிற்சியின் தலைமையை டென்சிங்கே ஏற்றார். சுமை தூக்குவோராகவே பிறரால் கருதப்பட்டு வந்த ஒரு மக்களினத்தைச் சேர்ந்தவர், ஆசிரியராக அமர்ந்தார்.

அடிவார முகாமுக்கு மேலே கும்பு பனியருவி என்ற பகுதி உண்டு. வீடுகளளவு பெரிய பனிப் பாறைகள் மெல்ல நகர்ந்து சரியும் இடம் அது. அதன் பிளவுகளின்மீது ஏணிகளைக் கிடத்தி, கயிறுகளைக் கட்டி வழியமைப்பவர்கள் ஷெர்ப்பாக்கள். பயணியர் சில முறையே கடக்கும் அவ்விடத்தை அவர்கள் சுமையோடு பன்முறை கடக்கின்றனர். 2014 ஏப்ரல் 18ஆம் நாள் காலையில் அங்கே பனிச்சரிவு நேர்ந்து, பணியிலிருந்த 16 நேபாளியர் மாண்டனர். சிகரத்தில் எடுத்த படத்தில் ஒரு முகம் இருந்தால், அதன் பின்னே எத்தனை முதுகுகள் சுமை தாங்கின என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, நம் நாட்டார் எவரெஸ்டை வென்ற வரலாற்றைக் காண்போம். அதில் வெற்றியைப் போலவே திரும்பி வருதலுக்கும் இடமுண்டு. 1960இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்தியக் குழு சென்றது. நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் ஆகிய மூவரும் 28,300 அடியை எட்டினர். உச்சிக்கு ஏறக்குறைய 700 அடியே எஞ்சியிருந்தது. பெருங்காற்று வீசியது, திரும்பிவிட்டார்கள். 1962இல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாவது குழு சென்றது. இம்முறை சோனம் கியாட்சோ, ஹரி டாங், கோலி ஆகியோர் 28,600 அடிவரை ஏறினர். உச்சிக்கு 400 அடியளவே குறைவு, மீண்டும் திரும்பினார்கள்.

புதுவாயலில் 400 அடி என்பது சாலையில் இரண்டு நிமிட நடை. அத்துணை அருகில் வந்த பின்னர்த் திரும்புவதற்கு எத்தகைய மனவுறுதி வேண்டும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! நாடே காத்திருக்கிறது, பணமும் உழைப்பும் செலவாகிவிட்டன, சிகரம் கண்ணெதிரே தெரிகிறது. அந்நிலையிலும் அவர்கள் உயிரோடு மீண்டார்கள். மீண்டதனாலேயே மறுபடியும் செல்ல முடிந்தது.

1965இல் மூன்றாவது குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1962இல் திரும்பி வந்த அதே கோலி. ஏப்ரல் இறுதியில் உச்சியை நோக்கிப் புறப்பட்டும் வானிலை கெட்டதனால் அடிவார முகாமுக்கே இறங்கி, நல்ல காலத்துக்குக் காத்திருந்தனர். மே 20ஆம் நாள் நவாங் கோம்புவும் சீமாவும் உச்சியில் நின்றனர். மே 22இல், முன்னர் இருமுறை திரும்பிய சோனம் கியாட்சோ, சோனம் வாங்யாலுடன் ஏறி நின்றார். மே 24இல் வோராவும் அங் காமியும், மே 29இல் அலுவாலியா, ராவத், பூ டோர்ஜி ஆகிய மூவரும் ஏறினர். ஆக, ஒரே குழுவில் ஒன்பது பேர்! நவாங் கோம்பு 1963இல் அமெரிக்கக் குழுவோடும் ஏறியிருந்தமையால், எவரெஸ்டில் இருமுறை நின்ற முதல் மனிதரும் ஆனார்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. கட்டணம் பெற்று அழைத்துச் செல்லும் முறை பரவிய பின்னர், 1996 மே 10ஆம் நாள் அத்தகைய குழுக்கள் சில எவரெஸ்டில் ஏறின. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதவர், எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. அவ்வெல்லையைக் கடந்தும் சிலர் ஏறிக்கொண்டே இருந்தனர். மாலையில் பனிப்புயல் சூழ்ந்தது. அன்றும் மறுநாளுமாக அம்மலையில் எண்மர் உயிரிழந்தனர். அவர்களுள் குழுத் தலைவர்களாகச் சென்ற கைதேர்ந்த வழிகாட்டிகளும் இருந்தனர். வடபுறமாக ஏறிய நம் நாட்டு எல்லைக் காவல் படையினர் மூவரும் இருந்தனர். வழிகாட்டி உடனிருப்பது மட்டும் போதாது, வகுத்த எல்லையை வழிகாட்டியும் பயணியும் ஒருசேர மதிக்க வேண்டும் என்பதை அந்நாள் உலகுக்கு உணர்த்தியது. பணம் கொடுத்தவனுக்குச் சிகரம் உரிமையாகிவிடுவதில்லை. அவன் பெறுவது வழிகாட்டியின் அனுபவத்தை மட்டுமே. அந்த அனுபவம் திரும்பு என்று சொல்லும்போது திரும்பாவிட்டால், கொடுத்த பணமும் வீணே.

இவையெல்லாம் வேற்றூர்ச் செய்திகள் என்று கருத வேண்டா. விருதுநகர் மாவட்டத்திற் பிறந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதத்தில் எவரெஸ்டில் ஏறி, அவ்வெற்றி பெற்ற முதல் தமிழகப் பெண்மணி எனப் புகழ் பெற்றார். வெயிலுக்குப் பெயர்போன மண்ணில் பிறந்தவர்க்கும் பனிமலை எட்டாததன்று என்பதற்கு அவரே சான்று.

உங்களுள் எவருக்கேனும் இவ்விருப்பம் உண்டாயின், முறையாகத் தொடங்குங்கள். டார்ஜிலிங்கிலும், 1965இல் தொடங்கப்பெற்ற உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்திலும் இளைஞர்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதற்கு முன்னர் நம் நாட்டுக் குன்றுகளிலேயே நடந்து பழகலாம். ஆனால் குன்று சிறிதென்று விதியைச் சிறிதாக எண்ணாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் மலைநடைக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளைத் தெரிந்தெடுத்து, மலைவாழ் மக்களையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக உடனனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் அடி வைக்காதீர்கள். உடன் வருபவர் படிக்காதவராயினும், அம்மலையை அறிந்தவர் அவரே என்பதை மனத்திற் கொள்ளுங்கள். அவர் நில் என்றால் நில்லுங்கள்.

மலையேற்ற விபத்துகளில் பல, இறங்கும்போது நேர்ந்தவை. ஏறும்போதே வலிமை அனைத்தையும் செலவிட்டுவிட்டவனுக்கு இறங்குவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆதலால் தேர்ந்த மலையேறிகள் சிகரத்தைப் பயணத்தின் நடுவழி என்றே கொள்கின்றனர். வீட்டு வாயிலை மிதிக்கும்போதே அவர்கள் பயணம் முடிகிறது. தேர்விலும் தொழிலிலும் உயர்ந்த குறிக்கோளை நாடும் இளைஞர்களாகிய நீங்கள் துணிவோடு ஏறுங்கள். உங்களுக்கு முன் அவ்வழி சென்றவரின் சொல்லைக் கேளுங்கள். திரும்ப வேண்டிய வேளையில் வெட்கமின்றித் திரும்புங்கள். சிகரம் அங்கேயே இருக்கும். மறு ஆண்டும் போகலாம்.