தரைக்கு அடியில் ஒரு இணைப்பு

(இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கக்கூஸ் பைப்பப் பத்திப் பேசறதுக்கு ஒரு கூட்டமான்னு சிலபேர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். சாதி அந்தச் சுளிப்புக்குள்ளதான் இருக்கிறது.

வீடு கட்டும்போது கழிவறைக்குக் குழாய் பதிக்கிறவர் பிளம்பர். அவருக்குக் கூலி உண்டு, டீ உண்டு, மரியாதை உண்டு. அதே குழாய் ரெண்டு வருசத்துல அடைச்சுக்கிட்டா, 'காலனியிலேர்ந்து ஆளக் கூப்பிடு' என்கிறார்கள். குழாய் ஒன்றுதான். உள்ளே மலம் வந்ததும் வேலைக்குச் சாதி வந்துவிடுகிறது.

ஏன் அடைக்குது? பீங்கானுக்குக் கீழே வளைந்திருப்பது டிராப். அதில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. டிராப்பின் வாய் 4 அங்குல பி.வி.சி. குழாயோடு சேருகிற இடத்தில்தான் பல வீடுகளில் கோளாறு. அளவான இணைப்பும் ரப்பர் வளையமும் போடாமல் சிமெண்டை அப்பி மூடிவிடுகிறார்கள். சிமெண்டு பி.வி.சி.யைப் பிடிக்காது. தரை கொஞ்சம் இறங்கினால் விரிசல். கசிவில் மண் கரையும், குழாய் தொங்கும், வாட்டம் கெடும், மலம் தேங்கும். குச்சி விட்டுக் குத்தினால் இது தீராது.

சேம்பர் பக்கம் குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. அப்புறம் கழிவறையைப் பூட்டி, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, தரையை உடைத்து, கெட்ட துண்டை வெட்டி எடுக்கணும். சரியான இணைப்பு போட்டு, அடியில் மணலைக் கெட்டித்து, 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வைக்கணும். மறுபடி தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகே கான்கிரீட். கையுறையும் பூட்சும் கட்டாயம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் விஷவாயு வரும்.

இவ்வளவும் மேலே நின்று செய்கிற வேலை. இதுக்காக எவனும் குழிக்குள்ள இறங்க வேண்டியதில்ல. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

அதனால ரெண்டு வேலை இருக்கு தோழர்களே. நம்ம காலனி வீடோ, மாணவர் விடுதியோ, கழிவறைத் தரையை மூடுவதற்கு முன் நம் கண் முன்னால் தண்ணீர்ச் சோதனை நடக்கணும். நடக்காமல் பில்லில் கையெழுத்து விழக்கூடாது. இன்னொன்று, அடைப்பெடுக்க நம்ம ஆளைக் கூப்பிட வருகிறவனிடம் கேளுங்கள்: 'குழாய் போட்ட பிளம்பரை ஏன் கூப்பிடல?' அவன் என்ன பதில் சொல்வான்னு நமக்குத் தெரியும். அதை அவன் வாயால சொல்ல வைக்கணும்.