மலையிலிருந்து இறக்கிய பிறகு

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, இயன்முறை மருத்துவர்களே,

பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைத் துணைவேந்தர் தம் அறிக்கையில் விரிவாகச் சொல்லிவிட்டார். தங்கப் பதக்கம் பெறுவோருக்கும் பெறாதோருக்கும் ஒரே அளவு வாழ்த்து. இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மறுவாழ்வு மருத்துவன். முதுகெலும்பு முறிந்தவர்களும் கைகால் இழந்தவர்களும் தலையில் அடிபட்டவர்களும் உயிர் பிழைத்த பிறகு என்னிடம் வருவார்கள். மலையேற்றம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மலையேறுபவர்களில் ஒருவர் அடிபட்டால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். உங்களுக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

2018 ஜனவரி. பாகிஸ்தானில் இருக்கும் நங்க பர்பத், 8,126 மீட்டர் உயரம். கடுங்குளிர்காலத்தில் இரண்டு பேர் அதில் ஏறினார்கள். ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் பெண் எலிசபெத் ரெவோல். மற்றவர் போலந்துக்காரர் தோமாஸ் மட்ஸ்கேவிச். குளிர்காலத்தில் அந்த மலையைத் தொட்டே தீருவது என்று திரும்பத் திரும்ப அங்கே வந்தவர் அவர். 25ஆம் தேதி மாலை இருவரும் உச்சியை அடைந்தார்கள். அங்கேயே தோமாஸுக்குப் பார்வை போய்விட்டது. மூச்சு வாங்குகிறது, கையும் காலும் உறைகின்றன. இருட்டில் அந்தப் பெண் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறக்குறைய 7,200 மீட்டர் வரை இறக்கிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் தோமாஸால் நகர முடியவில்லை. செயற்கைக்கோள் கருவி வழியாக உதவி கேட்டார்கள். ரெவோல் தனியாகக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஒரு பனிப்பிளவுக்குள் அவர் ராத்தங்கியபோது யாரோ சூடான தேநீர் கொண்டுவந்து, பதிலுக்குக் காலணியைக் கேட்பதுபோல் ஒரு தோற்றம் கண்டார். கழற்றிக் கொடுத்துவிட்டார். விழித்தபோது ஒரு காலில் வெறும் காலுறையோடு கிடந்தார். அந்தக் கால் உறைந்திருந்தது. உயரமும் களைப்பும் மூளையை என்ன செய்யும் என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

அந்த நேரத்தில் ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு அப்பால், கே2 மலையடிவாரத்தில் போலந்து அணி ஒன்று முகாமிட்டிருந்தது. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள் உலகில் பதினான்கு. அவற்றில் குளிர்காலத்தில் யாராலும் ஏற முடியாமல் அன்று மிச்சமிருந்தது கே2 ஒன்றுதான். அதற்காகவே ஒரு நாட்டின் தலைசிறந்த மலையேறிகள் அங்கே வந்திருந்தார்கள். தலைவர் கிஷ்டோஃப் வியலிட்ஸ்கி, 1980இல் லெஷெக் சிகியோடு எவரெஸ்ட்டில் முதன்முதலாகக் குளிர்காலத்தில் கால் வைத்தவர். நங்க பர்பத்தில் சிக்கியவர்களை மீட்க யார் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தயார் என்றார்கள். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஹெலிகாப்டருக்குப் பணம் உறுதியாகாமல் அது கிளம்பாது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுப் பணத்தைத் திரட்டிவிட்டார்கள்.

27ஆம் தேதி சாயங்காலம் அந்த நால்வரையும் ஹெலிகாப்டர் சுமார் 4,900 மீட்டரில் இறக்கிவிட்டது. யாரோஸ்வாஃப் போத்தோரும் பியோத்ர் தோமாலாவும் கீழே கூடாரமும் மருந்தும் தயார் செய்ய, ஆதாம் பியலெட்ஸ்கியும் டெனிஸ் உருப்கோவும் இருட்டில் ஏறத் தொடங்கினார்கள். செங்குத்தான பனிச்சுவர். சாதாரணமாக நாள்கணக்கில் ஏறும் தூரம். ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தை ஒரே இரவில், சுமார் எட்டு மணி நேரத்தில் ஏறி, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் ரெவோலைக் கண்டார்கள். அவர் கைகள் கயிற்றைப் பிடிக்கும் நிலையில் இல்லை. ஒரு சின்னத் திட்டில் அவரை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தாங்கள் ஒட்டி உட்கார்ந்து, தேநீர் புகட்டி, விடியும்வரை அணைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

தோமாஸ் மேலேயே தங்கிவிட்டார். வானிலை கெட்டுக்கொண்டிருந்தது. ஒருவரைக் காப்பாற்றுவதா, இன்னொருவரைத் தேடி மூன்று பேரையும் இழப்பதா என்ற கணக்கை அந்த இருவர் அந்தச் சுவரில் நின்றுகொண்டு போட வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யப்போகும் உங்களில் சிலர் அந்தக் கணக்கைப் போடுவீர்கள். அதற்காக உங்களை யாராவது குறை சொன்னால் இந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நால்வரும் கே2வுக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு கே2வின் உச்சி அவர்களுக்குக் கிட்டவில்லை. 2021 ஜனவரி 16இல் நேபாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் அதைத் தொட்டார்கள். ரெவோலோ 2019இல் எவரெஸ்ட்டில் ஏறினார்.

இந்தக் கதையில் எல்லோரும் வீரத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நால்வரின் உடம்பு தயாராக இருந்தது. வாரக்கணக்கில் கே2வில் ஏறி இறங்கியதால் அவர்கள் ரத்தம் அந்த மெல்லிய காற்றுக்குப் பழகியிருந்தது. ரெவோலின் மீது உயிரையே வைத்திருக்கும் ஒருவரைச் சமவெளியிலிருந்து நேராகக் கொண்டுபோய் அங்கே இறக்கியிருந்தால், அவரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டி வந்திருக்கும். இரக்கம் எல்லோருக்கும் வரும். யார் என்றே தெரியாத ஒருவருக்காக முன்கூட்டியே உடம்பையும் கையையும் பழக்கி வைத்திருந்தால்தான் அந்த இரக்கத்தால் பயன் உண்டு. நான்கு ஆண்டுகளாக நீங்கள் இங்கே செய்தது அதைத்தான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பியலெட்ஸ்கியை வேறொரு மலையில் பார்க்கிறோம். 2023 ஏப்ரல் 17. நேபாளத்தின் அன்னபூர்ணா. ராஜஸ்தானின் கிஷன்கட்டைச் சேர்ந்த அனுராக் மாலு, 34 வயது, மூன்றாம் முகாமிலிருந்து இறங்கும்போது பனிப்பிளவில் விழுந்துவிட்டார். மூன்று நாள் தகவலே இல்லை. சாங் தாவா ஷெர்பா தலைமையில் ஷெர்பாக்கள் தேடினார்கள். பியலெட்ஸ்கியும் அவர் நண்பர் மரியுஷ் ஹத்தலாவும் தங்கள் ஏற்றத்தை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். 20ஆம் தேதி கயிற்றில் அந்தப் பிளவுக்குள் இறங்கினார்கள். ஆள் உயிரோடு இருந்தார். பொக்காராவில் மருத்துவர்களும் செவிலியர்களும் கை மாற்றி மாற்றி மணிக்கணக்கில் அவர் நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓடவைத்தார்கள். பிறகு காத்மாண்டு, பிறகு டெல்லி எய்ம்ஸ். தொலைக்காட்சிகள் அந்த நாலைந்து நாளைக் காட்டின. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடந்த அறுவை சிகிச்சைகளையும் புண் கட்டுதல்களையும் திரும்ப உட்காரப் பழகியதையும் யார் காட்டினார்கள்?

என் பேச்சின் மையம் இங்கேதான். மலையிலிருந்து இறக்குவது மூன்று நாள் வேலை. அதற்குப் பிறகு வருவது ஆண்டுக்கணக்கான வேலை. முதல் வேலைக்கு ஆள் திரள்கிறது, பணம் திரள்கிறது. இரண்டாவதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்தச் சுமையைப் பார்த்து நம் மாநிலம் கைகட்டி நிற்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 108 ஆம்புலன்ஸ் வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. அவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. பல உயிர்கள் இதனால் பிழைத்து என் வார்டுக்கு வந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பிழைத்தவர் வீட்டுக்குப் போகிறார். தண்டுவடம் அறுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். நேரத்துக்குச் சிறுநீரை வெளியேற்றாவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும். இவை நோய்கள்கூட இல்லை. கவனிக்க ஆள் இல்லாததன் விளைவுகள். உலக அளவில் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் இருப்பவர்கள் சுமார் 240 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் சிலவற்றில் தேவைப்படுவோரில் பாதிப் பேருக்கு மேல் அது கிடைப்பதே இல்லை.

நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை. விடுதி மெஸ்ஸில் ராத்திரி சாம்பார் தீர்ந்துபோனால் வார்டுக்கு வெளியே டீக்கடையில் பன்னும் டீயும்தான் எங்களுக்குச் சாப்பாடு. அப்படி ஒரு ராத்திரியில் பனையேறி ஒருவரை மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் போட்டுக் கொண்டுவந்தார்கள். மழை ஈரத்தில் மரம் வழுக்கி விழுந்திருக்கிறார். முதுகெலும்பு முறிவு. கூட வந்தவர்கள் அத்தனை பேரும் பனையேறிகள். தளைநார் உரசிக் காய்ப்பேறிய பாதங்களோடு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பதநீர்க் காலம் அது. பாளையைத் தினமும் சீவாவிட்டால் காய்ந்துவிடும். ஒரு பருவத்தின் வருமானமே போய்விடும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிபட்டவரின் மரங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கள் மரங்களை முடித்த பிறகு அந்த மரங்களிலும் ஏறி இறங்கி, பதநீரை அவர் மனைவியிடம் கொண்டுபோய் ஊற்றினார்கள். அந்தம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினார். முறை வைத்து ஒருவர் வார்டில் தங்கினார். தலைமைச் செவிலியர் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். "சிஸ்டரம்மா சொன்ன மாதிரி செய்யிறோமாய்யா, பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார் ஒரு பெரியவர். அந்த வார்டில் படுக்கைப் புண் வராத ஒரே தண்டுவட நோயாளி, மரத்திலிருந்து விழுந்த அந்தப் பனையேறிதான்.

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலி இல்லை. சிறுநீர்க் குழாயை மாற்ற ஊரில் யாருக்கும் தெரியாது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதியிருந்த சீட்டை வாசிக்கவும் ஆள் இல்லை. அடுத்த பருவம் வருவதற்குள் சிறுநீரகம் பழுதாகி அவர் இறந்துவிட்டார் என்று அந்தப் பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர்களிடம் அன்பில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. மாதம் ஒரு முறை ஒரு செவிலியரோ இயன்முறை மருத்துவரோ அந்த வீட்டு வாசலை மிதித்திருந்தால் போதும். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தண்டுவடம் அடிபட்டவரை மீண்டும் வாழவைப்பது முடியாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாதபடி நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனார். உடன் இருந்தவர்கள் அவரை நோயாளியாகவே விட்டுவிடவில்லை. அங்கே அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தும் அறுவை சிகிச்சையில் அவரை ஈடுபடுத்தினார். அதை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? பிறகு மேரி வர்கீஸ் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. சக்கர நாற்காலியில் வரும் மருத்துவர், படுத்திருப்பவரிடம் "நீங்கள் எழுந்து உட்காரலாம்" என்று சொல்லும்போது அதை மறுத்துப் பேச யாரால் முடியும்?

இன்று வாய்ப்பு கூடியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே போகிறார்கள். அந்தப் பணிக்கு உங்களில் பலர் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. குடும்பக் கடன் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். போவதற்கு முன் ஓரிரு ஆண்டுகளாவது அந்த வீட்டு வாசல்களுக்குப் போய்விட்டுப் போங்கள். ஓட்டு வீட்டின் உயரமான படியில் சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது என்பதை எந்த ஆய்வகமும் உங்களுக்குக் கற்றுத்தராது.

துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவமனையிலிருந்து தண்டுவடக் காயத்தோடு டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். அந்தப் பெயருக்கு எதிரே பொறுப்பான ஒரு பயிற்சி மாணவரின் பெயர் இருக்கட்டும். முதல் ஆண்டு மாதம் ஒரு முறை, அடுத்த ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அந்த மாணவர் பேசி, புண் உண்டா, காய்ச்சல் உண்டா, எழுந்து உட்கார்ந்தாரா என்று கேட்டு எழுதட்டும். அந்த மாணவர் பட்டம் பெற்றுப் போகும்போது அடுத்தவர் பெயர் அங்கே ஏற வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒப்புக்கொள்வீர்கள் என்றால், அடுத்த மாதமே வந்து முதல் வகுப்பை நானே எடுக்கிறேன்.