சேற்று இறாலும் சிப்பி வயலும்



பூச்சி மருந்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அதற்குத் தொலைதூரத்துக் கடற்கரை ஒன்றின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தில் வில்லபா விரிகுடா உள்ளது. கடல்நீர் வடியுங்கால் வெளிப்படும் சேற்று நிலத்தில் அங்குள்ளோர் உண்ணும் சிப்பி வளர்க்கின்றனர். அதுவே அவர்களுடைய வயல்.

அச்சேற்றில் நீலச் சேற்று இறால் என்னும் பிராணி வாழ்ந்து வந்தது. பெயர்தான் இறால், நாம் குழம்பு வைக்கும் இனமன்று. கவைக்கொம்பை நட்டாற்போல அது வளை தோண்டும். மேலே இரண்டு வாய். கீழே ஒற்றைத் தண்டு. வளைச் சுவரைத் தன் கோழையால் பூசிக்கொண்டு, நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதனால் அடிச்சேற்றுக்கும் பிராணவாயு கிட்டும்.

ஆனால் இதுவும், இதன் கூட்டாளியான பேய் இறாலும் சேற்றைக் குடைந்து தளர்த்துவதால் சிப்பிகள் அமிழ்ந்து மடிந்தன. கண்ணெதிரே முதல் மூழ்கினால் எந்த விவசாயிதான் பொறுப்பான்? 1963 முதல் கார்பரில் மருந்தை ஹெலிகாப்டரிலிருந்தும் தெளிக்கலாயினர். இறாலோடு நண்டுகளும் மாண்டன. எதிர்ப்பு வலுக்கவே, சுமார் 50 ஆண்டுகளுக்குப் பின் அது நின்றது. (நம் நாட்டில் கார்பரில் 2018-இல் தடை செய்யப்பட்டது.) அடுத்து இமிடாகுளோபிரிட் தெளிக்க 2015-இல் அனுமதி கிடைத்தது. சிப்பி வாங்கி உண்பவர்களே ஆட்சேபித்தமையால் வளர்ப்போர் தாமே அனுமதியைத் திருப்பித் தந்தனர். மீண்டும் கேட்டபோது, 2018-இல் மாநில அரசாங்கம் மறுத்துவிட்டது.

இதற்கிடையே நடந்ததுதான் விந்தை. ஆசியக் கடலைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி, கப்பல்கள் சுமந்து வரும் நீரோடு வந்ததாகக் கருதப்படுவது, 1980-களில் அக்கரையில் தோன்றிற்று. அது சேற்று இறாலின் செவுளில் அமர்ந்து இரத்தத்தை உறிஞ்சும்; பீடிக்கப்பட்ட பெண் இறால் பெரும்பாலும் முட்டையிடாது. பல கழிமுகங்களில் சேற்று இறால் அற்றுப்போயிற்று. வில்லபாவிலும் அதே கதி. நீரை வடிகட்டியது போய்விட்டது. சிப்பிக்காரர்கள் மிகவும் அஞ்சிய பேய் இறாலோ இன்றும் இருக்கிறது!

புகையானுக்கு நாம் தெளிக்கும் மருந்துகளில் அதே இமிடாகுளோபிரிட்டும் ஒன்று. ஆகவே அடுத்த தெளிப்புக்கு முன் வயலில் இறங்கி, தூருக்குத் தூர் புகையான் எத்தனை, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று எண்ணிக் குறித்து வாருங்கள். அக்கணக்கைப் பார்த்த பிறகு, மருந்து வேண்டுமா என்பதை வேளாண்மை அலுவலரோடு உட்கார்ந்து பேசுவோம்.