வெள்ளி கறுத்துப் போனால்...

தாராபுரத்தில் ஒரு கல்யாண வீடு. சீர்த்தட்டில் வைக்க, பரணிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் இறக்கினார்கள். பார்த்தால், இரண்டும் கரிச்சட்டி நிறம்! "வெள்ளியே இல்லையோ?" என்று அம்மாவுக்குக் கவலை.

கவலை வேண்டாம். கறுப்பது வெள்ளியின் இயல்பு. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து, வெள்ளி சல்ஃபைடு என்ற கரும்படலம் ஆகிறது. நம் பக்கத்துச் சின்ன வெங்காயத்திலும் முட்டையிலும் கந்தகம் உண்டு; அவை பட்டாலும் வெள்ளி கறுக்கும்.

வழி எளிது. ஒரு பாத்திரத்தின் உள்ளே, அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். வெள்ளி அதைத் தொட்டபடி இருக்கட்டும். 1 லிட்டர் கொதிநீரில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா, கொஞ்சம் உப்பு கலந்து ஊற்றுங்கள். சில நிமிடத்தில் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும். வெள்ளி மீண்டும் வெள்ளியாகும். தேய்த்தால் வெள்ளியும் கொஞ்சம் தேயும். இதில் அந்தச் சேதம் இல்லை. கல் பதித்தவை, வேண்டுமென்றே கறுப்பேற்றியவை ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது. அன்றாட வெள்ளி விளக்குக்குப் பாட்டி காட்டிய திருநீறே போதும், மெல்லத் துடையுங்கள்.

கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு சாக்பீஸோடு வையுங்கள். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. பரணில் பூட்டி வைக்காமல் அடிக்கடி எடுத்துப் புழங்குங்கள். புழங்கும் வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கறுக்காது.