மனைவி பேரில் போட்ட பணம்



கணவர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மனைவி விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் விற்கிறார். வட சென்னையில் இப்படி இரண்டு பேரும் உழைக்கிற குடும்பங்கள் ஏராளம். வீட்டில் உலை ஒன்றுதான். ஆனால் வருமான வரிக்கு அவர்கள் இரண்டு பேர்: தனித்தனி பேன் கார்டு, தனித்தனி ரிட்டர்ன். அமெரிக்காவைப் போலத் தம்பதி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட இங்கே வழியில்லை.

கோவாவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே போர்ச்சுகீசியர் காலத்து சிவில் சட்டப்படி, சொத்து தம்பதிக்குப் பொது. வாடகை, வியாபார லாபம், வட்டி எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, அவரவர் ரிட்டர்னில் காட்டுவார்கள். சம்பளம் மட்டும் வாங்கியவர் கணக்கிலேயே நிற்கும்.

நமக்கு அந்தச் சட்டம் கிடையாது. கணவர் தன் 5 லட்சம் ரூபாயை மனைவி பேரில் பிக்சட் டெபாசிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 35,000 ரூபாய். கொடுத்த பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொன்னது இது. 2025இல் இயற்றிய புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அந்த 35,000 ரூபாயை மனைவி வேறு டெபாசிட்டில் போட்டால், அதில் வரும் வட்டி மனைவியுடையது.

மீன் விற்ற லாபமும், தாய்வீட்டார் கொடுத்த பணத்தின் வட்டியும் முழுக்க மனைவிக்கே சொந்தம். வியாபாரத்துக்குக் கணவர் முதல் போட்டிருந்தால், அந்த முதலுக்குரிய பங்கு லாபம் மட்டும் அவர் கணக்குக்குப் போகும். அதனால், எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுத்து வாங்குங்கள்.

சகோதரிகளே, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் உங்கள் பேரில் ரிட்டர்ன் போடலாம். நாளைக்கு ஒரு லோடு ஆட்டோவுக்குக் கடன் கேட்டுப் போனால், வங்கியில் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான். பனியிலும் வெயிலிலும் நின்று சம்பாதித்தது நீங்கள். அது உங்கள் பேரிலேயே பதிவாகட்டும்.