விளக்கு சொன்னதும் சொல்லாததும்



நோயாளி ஒருவன் மருத்துவரிடம் சென்று, "எனக்குக் காய்ச்சல்" என்கிறான். அவன் கூறுவது உண்மையே. ஆனால், அந்தக் காய்ச்சலைத் தந்தது கொசுவா, குடிநீரா, உள்ளே சீழ்கொண்ட புண்ணா என்பதை அந்த ஒரு சொல் உணர்த்துவதில்லை. இந்த எளிய உண்மையை நான் என் மோட்டார் காரிடமிருந்துதான் கற்றேன். அதற்கு நான் கொடுத்த விலையில் பணம் ஒரு பகுதி; ஓர் இளைஞனின் மனத்தைப் புண்படுத்தியது மற்றொரு பகுதி. அந்தக் கதையையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

என்னிடம் உள்ள கார் 2014-ஆம் ஆண்டில் வாங்கியது. சமவெளிச் சாலையில் அது ஒழுங்காகவே ஓடும். வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்பொழுது மட்டும், ஒருநாள் அது திக்குவாய் உடையவர் பேசுவதுபோலத் தடுமாறலாயிற்று. பணிமனைகளில் இதனை 'மிஸ்ஸிங்' என்பார்கள். சில வளைவுகளில் தடுமாறும். பிறகு தானே சரியாகிவிடும். ஆனால், ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கை ஏற்றுவது யார்? எஞ்சினை ஆளுகின்ற சிறு கணிப்பொறிதான். தன் உணர்கருவிகள் தரும் செய்தியில் முரண்பாடு கண்டால், அது அதனை ஓர் எண்ணாகப் பதிவு செய்துவிட்டு விளக்கை ஏற்றும். முற்காலத்துக் கார்கள் சிலவற்றில் அந்த விளக்கு சிமிட்டுவதை எண்ணியே குறியீட்டை அறிய வேண்டியிருந்தது. ஒரு சிமிட்டு, சிறிது இடைவெளி, பிறகு இரு சிமிட்டு என்றால் 12 என்று பொருள். அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் பொதுமுறை ஒன்று கட்டாயமாயிற்று. பதினாறு முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பும், பொதுவான குறியீடுகளும் வந்தன. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின.

என் காரில் பதிவாகியிருந்த குறியீடு பி0302. இரண்டாம் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். பணிமனையிலிருந்த இளைஞன் அதனைப் படித்து, அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். மறுவாரம் மலையேறினேன், மீண்டும் தடுமாற்றம். காயிலையும் மாற்றினான், மீண்டும் அதே தடுமாற்றம். எனக்குச் சினம் பொங்கியது. "போலிப் பொருளைப் பொருத்தி என்னை ஏமாற்றிவிட்டாய்" என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

பின்னர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். நான் குறியீட்டைக் கூறியவுடன் அவர் கருவியை எடுக்கவில்லை. "எப்போது தடுமாறுகிறது? எஞ்சின் சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா?" என்று கேட்டார். பிறகு, குறியீட்டோடு கணிப்பொறி பதிந்து வைத்திருந்த அந்த நேரத்து நிலையையும் படித்தார். எஞ்சின் நன்கு சூடேறி, மிகுந்த பளுவோடு உழைத்த வேளையிலேயே பழுது தோன்றியிருந்தது. அவற்றையெல்லாம் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே குறியீட்டை அழித்தார்.

"இரண்டாம் சிலிண்டரில் எரியவில்லை என்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்?" என்று வினவினேன். அவர் அழகாக விளக்கினார். நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் அது வணரித் தண்டைச் சற்று உந்துகிறது. தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஓர் உணர்கருவி கவனித்துக்கொண்டிருக்கிறது. எரிதல் தவறினால் அந்தக் கணத்தில் சுழற்சி சிறிது தளரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று கணிப்பொறி கணக்கிட்டுக் கொள்கிறது. ஆகவே, உந்துதல் வரவில்லை என்பது அதற்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. தீப்பொறி இல்லாமல் இருக்கலாம்; பெட்ரோல் வராமல் இருக்கலாம்; உள்ளே அழுத்தம் குறைந்திருக்கலாம்.

அவர் புதிய பொருள் எதையும் வாங்கச் சொல்லவில்லை. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டரிலும், அதனுடையதை இதிலும் மாற்றிப் பொருத்தினார். "காயிலில் குறை இருந்தால் குறியீடு பி0303 ஆகிவிடும்" என்றார். இருவரும் மலைச்சாலையில் ஏறினோம். தடுமாற்றம் வந்தது; குறியீடு பி0302 ஆகவே இருந்தது. காயில் குற்றமற்றது என்று தெளிந்தோம். பிளக்கையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தோம். அதுவும் குற்றமற்றதே.

இடம் மாறாதது எது? காயிலுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர். சூடான எஞ்சினை ஓடவிட்டு, அந்த ஒயர்க் கட்டை விரலால் மெல்ல அசைத்தார். உடனே எஞ்சின் திக்கியது! மேலுறை ஓர் இரும்புத் தாங்கியில் உராய்ந்து தேய்ந்து, உள்ளே செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்திருந்தன. ஏற்றத்தில் பளு கூடும்போது எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மீது சாயும், ஒயர் இழுபடும், தொடர்பு விட்டுப்போகும். அது கணநேரமே விட்டதால், மின்சுற்றுப் பழுதுக்குரிய தனிக் குறியீடு பதிவாகவில்லை. ஒரு சாண் நீள ஒயரில் என் காரின் நோய் தீர்ந்தது.

அந்த விளக்கு விடாமல் எரியாமல் சிமிட்டத் தொடங்கினால் இன்னும் கவனம் வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். எரியாத பெட்ரோல் புகைப்போக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியில் சென்று எரிந்து, அதனை அழித்துவிடுமாம். அப்போது வேகத்தைக் குறைத்து, விரைவில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

திருவள்ளுவர் மருந்தைப் பற்றிக் கூறுமிடத்தில், நோயை அறிவதோடு நில்லாமல் அதன் மூலத்தையும் ஆராய வேண்டும் என்கிறார். கணிப்பொறி தன் கடமையைச் சரியாகவே செய்தது. மூலத்தை ஆராயும் கடமை எங்களுடையது. இளைஞன் குறியீட்டைக் கண்டு காயிலைக் குற்றவாளியாக்கினான். நானோ அவனையே குற்றவாளியாக்கினேன். இருவரும் ஒரே பிழையைத்தான் செய்தோம். என் பிழை பெரிது.

மறுநாள் அவனிடம் சென்று, அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் அறுந்த ஒயரை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாற்றுவதற்கு முன் இதை நானும் அசைத்துப் பார்த்திருக்க வேண்டும், ஐயா" என்றான். இன்று என் கார் அவனிடமேதான் பழுது பார்க்கப்படுகிறது. குறியீட்டைப் படித்தவுடன் அவன் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது தடுமாறுகிறது?" என்பதுதான்.