வயலில் இறங்கி அளந்த கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புவி வெப்பமாதல் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். கொடுத்தது பத்தே நிமிஷம். அதில் உலகத்தைச் சுற்ற முடியாது. நெல் வயலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

தண்ணீர் நிற்கிற வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். பெரும்பாலும் பயிரின் தண்டு வழியாகவே அது மேலே வரும். கரியமில வாயுவை விடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது. இந்திய வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் காலத்தில் கணக்குச் சொன்னது. எங்கே அளந்தார்கள்? அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில்! அந்த அளவை நம்ம 4 கோடிக்கு மேற்பட்ட ஹெக்டேருக்கும் நீட்டிவிட்டார்கள். நம்ம வயலில் கணிசமான பகுதி மழையை நம்பியது, நடுநடுவே காய்ந்து போவது என்பதை யார் பார்த்தார்கள்?

1991-இல் டாக்டர் ஏ.பி. மித்ரா தலைமையில் தேசிய இயற்பியல் ஆய்வகமும் வேறு பல நிறுவனங்களும் வயலில் இறங்கின. பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேர்ந்த காற்றை ஊசிக்குழலில் எடுத்துச் சோதித்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு!

மறு ஆண்டு ரியோவில் காலநிலை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. பழைய கணக்கே மேஜையில் நின்றிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? வயிற்றுப்பாட்டுக்கான நெல்லையும் சொகுசுக்கான காரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இலேயே கேட்டார்கள். 2021-இல் கிளாஸ்கோவில் வந்த மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை.

அதற்காக, நம்ம கணக்கு சின்னதுதானே என்று உட்கார்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம். அதையும் இங்கேதான் அளக்கணும். இன்னொன்று, மோட்டார் வைத்திருப்பவர் தைரியமாக வயலைக் காயவிடுவார். அடுத்த முறைத் தண்ணீர் வருமோ வராதோ என்றிருக்கும் கடைமடைக்காரர் எப்படிக் காயவிடுவார்? அந்த உத்தரவாதத்தைத் தராத கொள்கை ஏட்டோடு நின்றுவிடும்.

வேளாண்மை செய்கிற நம் தோழர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். மாணவர்கள் கிளம்புவதற்கு முன் அவர்களைப் பிடித்து, எப்போது தண்ணீர் வைக்கிறீர்கள், எப்போது காயவிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.